ரெடி அண்ணன் வீட்டில் இருந்த பெண்

ஜொகூர் மாநிலத்திலேயே தலைசிறந்த கணவர் யார் என்று என்னைக் கேட்டால், கொஞ்சமும் யோசிக்காமல் உலு திராம் பக்கம் கையைக் காட்டுவேன். பெண்டாட்டி மனம் கோணாமல் நடக்கக்கூடியவர், வீட்டு வேலையில் பாதிக்கு மேல் தானே இழுத்துப் போட்டுக்கொண்டு செய்யக்கூடியவர், வேலை முடிந்தால் எங்கேயும் நிற்காமல் வீடு வந்து சேரக்கூடியவர். பெர்லிஸ் வரைக்கும் தேடினாலும் இப்படி இன்னொருத்தர் கிடைக்கமாட்டார். அவரிடம் ஒரே ஒரு குறைதான். கல்யாணம் ஆகவில்லை.

பெயர் வேண்டாம். தாமான் குடியிருப்பில் எல்லாருக்கும் அவர் ரெடி அண்ணன். "என்னண்ணே, எப்பக் கல்யாணச் சாப்பாடு?" என்று யாராவது வாயைக் கிளறினால் முகம் சுளிக்காமல் ஒரே பதில்தான் வரும்: "நான் ரெடி லா. பொண்ணு ரெடியாகணும், அவ்ளோதான்." இதைச் சொல்லத் தொடங்கியபோது அவருக்கு முப்பது வயது என்கிறார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது நாற்பது. பதில் மட்டும் மாறவே இல்லை.

பாசிர் கூடாங்கில் ஒரு கிடங்கில் அவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். நான் அதே கிடங்கில் கணக்கெழுதும் கிராணி. எட்டுப் பேர் நெருக்கியடித்த ஓர் அறையில், என் சட்டையை எவனோ மாட்டிக்கொண்டு போவதும் எவன் சட்டையையோ நான் மாட்டிக்கொண்டு வருவதுமாகக் காலம் தள்ளிக்கொண்டிருந்தேன். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், தன் வீட்டுப் பின்னறை சும்மாதான் கிடக்கிறது, வந்து இருந்துகொள் என்றார் ரெடி அண்ணன். வாடகை கொள்ளை மலிவு. ஒரு நிபந்தனை மட்டும் போட்டார்.

"கல்யாணம் முடிவாச்சுன்னா அறையக் காலி பண்ணிடணும் தம்பி. புதுசா வர்றவங்களுக்குச் சங்கடமா இருக்கும்."

"அதுக்கென்னண்ணே, அன்னைக்கே கிளம்பிடறேன்," என்றேன். இந்த ஆளுக்கு எங்கே கல்யாணம் ஆகப்போகிறது என்ற தைரியம்தான்.

குடிபோன முதல் நாள் சாயங்காலமே விஷயம் புரிந்துவிட்டது. தேத்தண்ணி கலக்கி மூன்று கோப்பைகளில் ஊற்றினார். வீட்டில் இருந்தது இரண்டு பேர்.

"மூணாவது யாருக்குண்ணே?"

"வர்றவங்களுக்கு."

"அவங்கதான் இன்னும் வரலியே?"

"வந்த பிறகு பழகுனா லேட்டு லா. ரெண்டு பேருக்குச் சர்க்கரை எவ்ளோ, தண்ணி எவ்ளோன்னு கைக்குத் தெரியணும்."

அந்த மூன்றாவது கோப்பை ஆறும் வரை காத்திருந்து அதையும் அவரே குடித்தார். முகத்தில் ஒரு கிண்டலும் கிடையாது. கட்டில் விஷயம் இன்னும் மோசம். இரண்டு பேர் தாராளமாகப் புரளக்கூடிய கட்டிலில் சுவர் ஓரத்தை மொத்தமாக விட்டுவிட்டு, இந்த ஓரத்தில் ஒட்டிக்கொண்டு படுப்பார். நானிருந்த முதல் மாதத்திலேயே இரண்டு தடவை கீழே விழுந்தார். "அந்தப் பக்கம் காலியாத்தானே கிடக்கு, தள்ளிப் படுங்கண்ணே," என்றால், "அது அவங்க பக்கம்," என்று முழங்கையைத் தேய்த்துக்கொள்வார்.

வெள்ளிக்கிழமைகளில் பசார் மாலாம் இரவுச் சந்தைக்குப் போவோம். திரைச்சீலைத் துணி விற்கும் சீன ஆன்ட்டியிடம் அரை மணி நேரம் பேரம் பேசி, விலையைப் பாதிக்குக் கொண்டுவந்துவிட்டு, "வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்து வாங்கறேன்," என்று மலாயில் சொல்லிவிட்டுத் திரும்புவார். மோட்டாரை எடுத்து வீட்டுக்கு வருவார். கூடத்தின் நடுவில் இரண்டு நிமிடம் சும்மா நிற்பார். மறுபடியும் போய் வாங்கி வருவார். அந்த ஆன்ட்டிக்கு இவர் தனிக்கட்டை என்று பத்து வருஷமாகத் தெரியும். ஒருநாளும் சிரித்ததில்லை, துணியைத் தனியாக எடுத்துவைத்துக் காத்திருப்பார்.

ஓவர்டைம் வந்தால் எனக்குப் போன் வரும்.

"நான் வர அரை மணி நேரம் லேட்டாகும்."

"எனக்கென்னண்ணே, வாங்க மெதுவா."

"அப்படிச் சொல்லாத தம்பி. கொஞ்சம் கோவமாப் பேசு. எனக்குப் பழகணும்ல."

நானும் என்னால் முடிந்த வரை கோபமாகப் பேசினேன். நாலைந்து மாதத்தில் நன்றாகவே வந்தது.

பொருள்களும் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. குளியலறையில் இரண்டு பல் துலக்கும் பிரஷ்கள், ஒன்று இளஞ்சிவப்பு. கண்ணாடியின் மூலையில் மூன்று ஒட்டுப்பொட்டுகள். கல்யாணமான சிநேகிதர்கள் வீட்டில் கண்ணாடி அப்படித்தான் இருக்கிறதாம். வாசலில் ஒரு ஜோடி பெண்கள் செருப்பு. புதுச் செருப்பு காலைக் கடிக்கும் என்று, தன் குதிகால் பாதி வெளியே தொங்க, அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடந்து பழக்கினார். பூப்போட்ட நைட்டி இரண்டு வாங்கினார். புதுத் துணியின் கஞ்சி உடம்பை அரிக்கும் என்று மாதம் ஒருமுறை அவற்றை அலசிக் கொடியில் காயப்போட்டார். கல்யாணம் என்றால் மண்டபம், தவில், பிரியாணி என்று ஊரே அலைகிறது. இந்த மனிதர் ஒருவர்தான் ஒரு பெண்ணுக்குக் கால் கடிக்குமே, உடம்பு அரிக்குமே என்று யோசித்தவர்.

இதையெல்லாம் நான் கிடங்கு கேன்டீனில் நடித்தே காட்டுவேன். செருப்போடு அவர் நடக்கிற நடைக்கு மேசையைத் தட்டித் தட்டிச் சிரிப்பார்கள். யாராவது ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுப்பார்கள். வாராவாரம் இந்தப் பத்தியில் உங்களைச் சிரிக்கவைக்கும் இந்தத் தொழிலை நான் கற்றுக்கொண்டது அங்கேதான், அவரை விற்றுத்தான்.

மூன்றாவது வருஷம் அவருடைய அக்கா ரெங்கத்திலிருந்து ஒரு வரன் கொண்டுவந்தார். பெண் குளுவாங்கில் பாலர் பள்ளி ஆசிரியை. வயது முப்பத்தாறு. இரண்டு தடவை போனில் பேசினார்கள். இரண்டாவது தடவை பேசிவிட்டு வந்த ரெடி அண்ணன் என் அறை வாசலில் நின்றார். "சிரிச்சாங்க தம்பி," என்றார். அவ்வளவுதான் சொன்னார். அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அந்த மனிதர் வருஷக்கணக்காக யாருக்காகவோ இடம் விட்டுப் படுத்தாரே, அந்த யாரோவுக்கு அன்றைக்குத்தான் ஒரு குரல் கிடைத்திருந்தது.

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது எரிச்சல். ஏனென்றால் அடுத்த வாக்கியம் இது: "அறை விஷயம் ஞாபகம் இருக்குல்ல? அவசரம் இல்ல, மெதுவாப் பாரு." மறுபடியும் எட்டுப் பேர் அறை, எவனோ ஒருவனின் சட்டை. ஒரு வாரம் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பெண் வீட்டார் வீடு பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். அப்பா, அம்மா, பெரியப்பா, கூடவே ரெடி அண்ணனின் அக்கா. பெண் வரவில்லை, அது வழக்கமும் இல்லை. ரெடி அண்ணன் இரண்டு நாளாகத் தரையைத் தேய்த்திருந்தார். ஆனால் அந்தச் செருப்பையோ நைட்டியையோ எடுத்து உள்ளே வைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கும் தோன்றவில்லை. மூன்று வருஷமாகப் பார்த்துப் பார்த்து, எல்லா வீட்டிலும் இதெல்லாம் இருக்கும் என்றே ஆகிவிட்டிருந்தது.

வாசலில் செருப்பைப் பார்த்த பெரியப்பா இவருடைய அக்காவின் காலைப் பார்த்தார். அக்கா தன் செருப்பைத் தனியாகக் கழற்றிவைத்திருந்தார். பெண்ணின் அம்மா குளியலறைக்குப் போய்விட்டு வந்தபோது முகம் மாறியிருந்தது. கணவரின் காதில் ஏதோ சொன்னார். அவர் எழுந்து பின்பக்கம் போய்க் கொடியைப் பார்த்துவிட்டு, அங்கே நின்ற என்னை வேலி ஓரமாகக் கூப்பிட்டார்.

"தம்பி, நீங்க இங்கதானே தங்கியிருக்கீங்க. நானும் பொம்பளப் பிள்ளையப் பெத்தவன், மறைக்காமச் சொல்லுங்க. வேற யாராவது பொம்பள இந்த வீட்ல இருக்காங்களா?"

இல்லை என்று ஒரு வார்த்தை. மூன்றே எழுத்து. வாய் வரைக்கும் வந்தது. என் அறையும் கூடவே வந்தது.

"அத நீங்க அவர்கிட்டயே கேளுங்க அங்கிள்," என்றேன்.

கேட்டார்கள். கூடத்தில் எல்லாரும் இருக்க, பெரியப்பாதான் கேட்டார்.

"வாசல்ல இருக்கே, அந்தச் செருப்பு யாரோடது?"

"அவங்களோடதுங்க," என்றார் ரெடி அண்ணன், வெட்கத்தோடு.

"எவங்களோடது?"

"வரப்போறவங்களோடது."

"இன்னும் வராதவங்க செருப்பு எப்படிங்க தேஞ்சிருக்கு? யாரு போட்டு நடந்தது?"

"நான்தாங்க."

பெண்ணின் அம்மா தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அப்புறம் பெரியப்பா நைட்டியைப் பற்றிக் கேட்டார். பாடம் ஒப்பிக்கிற மாதிரித் தெளிவாக, ஏன் அலசினேன், எதற்காகக் காயப்போட்டேன் என்று ரெடி அண்ணன் ஒவ்வொன்றாகச் சொன்னார். சொல்லச் சொல்ல நிலைமை மோசமானது. உண்மையைச் சொல்லி ஒரு மனிதன் இவ்வளவு கெட்டுப்போய் நான் பார்த்ததில்லை. அவருடைய அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். வந்தவர்கள் எழுந்தார்கள். தேத்தண்ணி அப்படியே இருந்தது.

கார் போன பிறகு அவர் பின்பக்கம் வந்தார்.

"உன்கிட்ட ஏதாவது கேட்டாங்களா தம்பி?"

"கேட்டாங்கண்ணே. யாரும் இல்லன்னு சொன்னேன்."

"சொல்லியுமா நம்பல?" கொடிப் பக்கம் திரும்பினார். "பரவால்ல விடு. நீ சொன்னியே, அதுவே போதும்."

செருப்பால் அடித்திருந்தால்கூட எனக்கு நன்றாக இருந்திருக்கும். மறுநாள் வாசல் காலியாக இருந்தது. கொடியில் அவர் சட்டையும் என் சட்டையும் மட்டும் கிடந்தன. கண்ணாடியில் பொட்டு ஒட்டியிருந்த இடத்தை நகத்தால் சுரண்டியிருந்தார். ஒரு மாதம் கழித்துக் காலையில் அவரை எழுப்பப் போனபோது பார்த்தேன், கட்டிலின் நடுவில் படுத்திருந்தார். "எப்பக் கல்யாணச் சாப்பாடு?" என்று கேட்கிறவர்களுக்கு அதன் பிறகு சிரிப்புதான் பதிலாகக் கிடைத்தது. அந்தப் பெண்ணுக்கு மறு வருஷம் வேறு இடத்தில் கல்யாணம் ஆனது. நான் அதே அறையில், அதே வாடகையில், இன்னும் இரண்டு வருஷம் இருந்தேன். எனக்குக் கல்யாணம் ஆகித்தான் அந்த அறையைக் காலி செய்தேன். அந்தக் கல்யாணத்தில் விடியற்காலையிலிருந்து பந்தி முடியும் வரை நின்றவர் ரெடி அண்ணன்தான்.

எட்டு வருஷம் இதை வயிற்றில் வைத்துக்கொண்டிருந்தேன். இதுவரை நீங்கள் படித்ததை எழுதி முடித்து, போன ஞாயிற்றுக்கிழமை உலு திராமுக்குப் போய் அவரிடமே உரக்கப் படித்துக் காட்டினேன். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நல்லா எழுதியிருக்க," என்றார். "கட்டில்லேர்ந்து விழுந்தது ரெண்டு தடவ இல்ல, மூணு."

"அண்ணே, நான் அன்னைக்கு இல்லன்னு சொல்லல."

"தெரியும்டா. அந்த வாரமே அக்கா சொல்லிட்டாங்க. கூட இருக்குற பையனாலயே இல்லன்னு சொல்ல முடியலன்னு அவங்க வீட்ல பேசிக்கிட்டாங்களாம்."

கையிலிருந்த தாளை மடித்தேன். "தெரிஞ்சுமா ரெண்டு வருஷம் என்ன வீட்ல வச்சிருந்தீங்க? வெளிய போடான்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நீயும் போயிட்டா வீட்ல யாருடா இருப்பா?" என்றார்.

எனக்குக் கூடப்பிறந்த அண்ணன் கிடையாது. யாராவது கேட்டால், உலு திராமில் ஒருவர் இருக்கிறார் என்று சொல்கிறேன். அப்படிச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லைதான். ஆனாலும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.