மால்கம் மட்டம் போடவில்லை

தோர்ன்பி,
மே மாதக் கடைசி புதன்கிழமை

மதிப்புக்குரிய அண்ணி பெரில் அவர்களுக்கு,

உங்கள் தம்பி மனைவி லொரேன் எழுதுவது. நலம் என்று எழுதக் கை வரவில்லை. ஆனால் சாப்பிடுகிறேன், வேலைக்குப் போகிறேன், ஜன்னல் திரையைக் காலையில் திறந்து சாயங்காலம் மூடுகிறேன். உங்கள் இடுப்பு எலும்பு நன்றாகக் கூடியிருக்கும் என்று நம்புகிறேன். ரான் அண்ணனுக்கு ஸ்பெயின் வெயில் ஒத்துக்கொள்கிறதா? இங்கே மே முடியப் போகிறது, இன்னும் கம்பளிச் சட்டையைக் கழற்றவில்லை.

போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் நான் இரண்டு வார்த்தை சொல்வதற்குள் நீங்கள் இருபது சொல்லிவிடுகிறீர்கள், கடிதத்தில் அது முடியாது. மால்கம் போனதை எல்லா இடத்திலும் சொல்லியாயிற்றா என்று கேட்டிருந்தீர்கள். அவருடைய முதுகுப்பை புதிதாகத்தானே இருக்கிறது, ரான் அண்ணன் மலைப்பக்கம் நடக்கப் போகும்போது ஆகும், அனுப்பிவை என்றீர்கள். பிறகு அடக்கம் முடிந்த வாரத்திலேயே இன்னொன்றும் கேட்டீர்கள்: "வீடு ஒரு பக்கம், படிப்பு ஒரு பக்கம். எட்டாம் நம்பர் பஸ்ஸோட கடைசி ஸ்டாப்புல அவனுக்கு என்ன வேலை? அங்க யாரு இருக்கா?" அன்று என்னிடம் பதில் இல்லை. இப்போது இருக்கிறது. ஆனால் வரிசையாகத்தான் சொல்வேன்.

சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் சொன்னேன். வங்கிக்குச் சொன்னேன், எரிவாயுக்காரர்களுக்குச் சொன்னேன். டாக்டர் பேச்சைக் கேட்டுச் சேர்ந்து ஒரே ஒரு நாள் போன உடற்பயிற்சிக் கூடத்துக்கும் சொன்னேன். அவர்கள் விலகும் காரணத்தைக் கம்ப்யூட்டரில் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். கட்டணம் அதிகம், நேரமில்லை, திருப்தியில்லை, வேறு இடத்துக்குக் குடிபோகிறேன் என்று நான்குதான் இருந்தது. குடிபோகிறேன் என்பதை அழுத்தினேன். புது இடத்திலும் எங்கள் கிளை இருக்கிறது, முதல் மாதம் இலவசம் என்று பதில் வந்தது.

பல்கலைக்கழகத்துக்கு மட்டும் சொல்லவில்லை. கோபப்படாமல் மேலே படியுங்கள்.

கண் மங்கிப் போய் உங்கள் தம்பியின் பஸ் லைசென்ஸைப் பிடுங்கிக்கொண்ட பிறகு, வணிக மேலாண்மையும் பொருளாதாரமும் படிக்கப் போகிறேன் என்றார். பள்ளிக்கூட மதிப்பெண் போதாதவர்களுக்கு முதலாம் ஆண்டுக்கு முன்னால் அஸ்திவார ஆண்டு என்று ஒன்று உண்டு, அதில் சேர்ந்தார். நீங்கள் ஸ்பீக்கரில் என்ன சொன்னீர்கள்? "அறுபதை நெருங்குற வயசுல இப்பத்தான் அஸ்திவாரமா? எப்படா சுவர் எழுப்புவ, எப்படா கூரை போடுவ?" அவரும் சேர்ந்து சிரித்தார். போனை வைத்துவிட்டுப் பையின் வாரை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தார். என்னிடம் சொன்னார்: "எட்டாம் நம்பர் நஷ்டத்துல ஓடுதாம், லொரேன். நிறுத்தப் போறாங்களாம். நாலு பேரு ரூமுக்குள்ள உக்காந்து சொல்றாங்க. ஒருத்தனாவது அதுல ஏறியிருப்பானா? அந்தக் கணக்கு எப்படிப் போடறாங்கன்னு போய்ப் படிச்சுட்டு வந்துடறேன்." படிக்கப் போன அந்தக் குளிர்காலத்திலேயே, பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை, "வீட்டுப்பாடம் செய்யப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனவர் அந்தக் கடைசி நிறுத்தத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பஸ் தாமதம். உயிரோடு இருந்திருந்தால் டிரைவருக்காக அவர்தான் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டிருப்பார்.

அதற்குப் பிறகு எல்லாக் கடிதத்திலும் அவர் பெயருக்கு முன்னால் "காலஞ்சென்ற" ஒட்டிக்கொண்டது. பல்கலைக்கழகம் மட்டும் அவருடைய போனுக்கு எழுதிக்கொண்டே இருந்தது. "ஹலோ மால்கம்! இந்த வாரம் உங்களை வகுப்பில் பார்க்க முடியவில்லையே! எல்லாம் சரிதானே?" பக்கத்தில் ஒரு மஞ்சள் மூஞ்சி, சிரித்துக்கொண்டு. இயந்திரம் அனுப்புவது என்று எனக்கும் தெரியும். ஆனால் அக்கம்பக்கத்தார் சமைத்துக் கொண்டுவருவதை நிறுத்திவிட்டார்கள், பாத்திரத்தைத் திருப்பிக் கேட்டார்கள், தெருவில் என்னைப் பார்த்தால் மழையைப் பற்றிப் பேசினார்கள். மால்கம் எங்கே, எப்படி இருக்கிறார் என்று கேட்க உலகத்தில் மிச்சம் இருந்தது அந்த மஞ்சள் மூஞ்சி ஒன்றுதான். அதனிடம் போய் எப்படிச் சொல்வது? நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்துவிட்டேன்.

மார்ச் கடைசியில் மூஞ்சி மாறியது. நான்கு பேராகச் சேர்ந்து செய்ய வேண்டிய வேலையில் மால்கம் தன் பங்கைச் செய்யவில்லை, எந்தச் செய்திக்கும் பதில் சொல்வதில்லை, அடுத்தவர் உழைப்பில் குளிர் காய்கிறார் என்று அவர் குழுவில் இருக்கும் ஜோர்டன் என்ற பையன் புகார் கொடுத்திருக்கிறானாம். விளக்கம் தராவிட்டால் பெயரைக் குழுவிலிருந்து நீக்கிவிடுவார்களாம். அண்ணி, காய்ச்சலோடு பஸ் ஓட்டியவர் அவர். கல்யாணத்துக்கு மறுநாள் காலையிலேயே டியூட்டிக்குப் போனவர், அந்தச் சண்டை உங்களுக்கே தெரியும். செத்துப்போனதற்காக அவரை மட்டம் போட்டார் என்று எழுதுகிறான்! அடக்கத்துக்குப் போட்ட கறுப்புக் கோட்டையே மாட்டிக்கொண்டு, அந்தப் பையன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வருவதென்று கிளம்பினேன்.

பல்கலைக்கழக வாசலில் கதவு திறக்கவில்லை. மாணவர் கார்டை வைக்க வேண்டுமாம். அவருடைய கார்டு என் கைப்பையில் இருந்தது, வைத்தேன். பச்சை விளக்கு எரிந்து கதவு திறந்தது. மால்கம் வந்துவிட்டார் என்று கதவு நினைத்துக்கொண்டது. பாதிக் கோபம் அங்கேயே போய்விட்டது.

அவர் குழு கூடும் அறையில் மூன்று பேர். ஜோர்டன் நாற்காலியில் கால் போட்டுக்கொண்டு இருந்தான், மோவாய் முழுக்கப் பரு. ஆஸ்பத்திரியில் தரை துடைத்துக்கொண்டே படிக்கிற ருமேனியாக்காரி இயோனெலா. கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காத டெமி என்ற பெண்.

"நீங்க யாரு? புது டீச்சரா?" என்றான் ஜோர்டன்.

"மால்கமோட சம்சாரம்."

"ஓ! ஆளு எங்க? எங்கள நடு ரோட்டுல இறக்கிவிட்டுட்டுப் போயிட்டாரு."

"அவரால எழுந்திரிக்க முடியல."

"முதுகு வலியா?" என்று இயோனெலா கேட்டாள்.

"எல்லாமேதான்," என்றேன். செத்துவிட்டார் என்று சொல்ல வாயெடுத்தால், "அவரு பங்கு என்னன்னு சொல்லுங்க, நான் செய்யறேன்" என்று வந்துவிட்டது.

"அப்படியெல்லாம் ஆள் மாத்தி வர முடியாதுங்க," என்றான் ஜோர்டன்.

"நீ பேசாத. முதல் மாசம் பூரா நீயும் வரல, உனக்குப் பதிலாவும் யாரும் வரல," என்றாள் டெமி. பிறகு என் பக்கம் திரும்பினாள். "எட்டாம் நம்பர் பஸ்ஸ நிறுத்தினா யாருக்கு என்ன நஷ்டம்னு பாக்கறோம்மா. மால்கம் குடுத்த யோசனைதான். அவரு கடைசி ஸ்டாப்புக்குப் போயி, ஏறுற ஆளுங்ககிட்ட கேட்டுட்டு வரணும். பிப்ரவரியில ஒரு வியாழக்கிழமை போறேன்னு சொன்னாரு. அதோட சரி, ஆளையே காணோம்."

அண்ணி, அங்கே அவருக்கு என்ன வேலை என்று கேட்டீர்களே. இதுதான் வேலை. அங்கே யாரும் இல்லை. பஸ்ஸுக்கு நின்ற ஜனங்கள்தான் இருந்தார்கள். இதை உங்களுக்காக அடிக்கோடு போட்டு எழுதியிருக்கிறேன், ரான் அண்ணனுக்கும் உரக்கப் படித்துக் காட்டுங்கள்.

உன் வேலையைச் செய்யப் போய்த்தான்டா செத்தார் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். ஜோர்டன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான், இன்னும் சரியாக மீசை கூட வரவில்லை. இதைக் கேட்டால் ஆயுசுக்கும் சுமப்பான். திறந்த வாயால் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டேன்.

அவரைப் பற்றி ஏதேதோ சொன்னார்கள். எல்லாருக்கும் முட்டை சாண்ட்விச் கொண்டுவருவாராம். நாற்காலியில் கால் வைத்தால், "பின்னால உக்காந்திருக்கிற தம்பி, காலை எடு, இல்லன்னா வண்டி நகராது" என்பாராம். ஏகபோகம் என்றால் என்னவென்று வகுப்பில் கேட்டதற்கு, சின்ன வயசில் வீட்டு டிவியை நீங்கள் கையில் வைத்துக்கொண்டு யாரையும் தொடவிடாமல் ஆண்டதைச் சொன்னாராம். ஆசிரியை சரியான உதாரணம் என்றாராம். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்த வாரம் போனபோது பிள்ளைகள் ரொம்ப மாறியிருந்தார்கள். ஜோர்டன் காலைக் கீழே வைத்திருந்தான். யாரோ முட்டை சாண்ட்விச் வாங்கி வைத்திருந்தார்கள். இயோனெலா காரணமே இல்லாமல் கட்டிப்பிடித்தாள், அவர்கள் ஊர் வழக்கம் போலும். கடைசி நிறுத்தத்துக்குத் தனியாகப் போகிறேன் என்றதற்கு ஜோர்டன் கேட்கவில்லை, கூடவே வந்தான். வந்தவன் காதில் எதையோ மாட்டிக்கொண்டு கோடியில் போய் நின்றான். அந்த ஊதக்காற்றில் தொப்பியை எதற்குக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றானோ, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் குளிர் உறைப்பதில்லை.

பெஞ்சில் ஒரு வயசான அம்மாள். எடித் என்று பெயர். இந்த பஸ் நின்றுவிட்டால் உங்களுக்கு என்ன நஷ்டம் என்று கேட்டேன்.

"மறுபடியுமா?" என்று சிடுசிடுத்தாள். "பனி கொட்டுறப்ப ஒரு ஆளு வந்து இதையேதான் கேட்டாரு. பாதி சொல்றதுக்குள்ள கீழ உக்காந்துட்டாரு. எந்திரிக்கவே இல்ல. நான் சொல்ல வந்ததை முழுசாக் கேக்கவே இல்ல."

"நான் கேக்கறேன், சொல்லுங்க."

"எனக்குப் போக ஒரு இடமும் கிடையாது. ஏறி உக்காந்து ஒரு சுத்து சுத்திட்டு இங்கயே வந்து இறங்கிடுவேன். வீட்டுல ஹீட்டர் போட முடியல, பஸ்ல சூடா இருக்கும். டிரைவர் குட் மார்னிங் சொல்லுவான். பதிலுக்கு நானும் சொல்லலாம். அவ்வளவுதான். இதுல பாதியைத்தான் அந்த ஆளு கேட்டுட்டுப் போனாரு."

"எல்லாத்தையும் கொண்டுபோயிடறேன்," என்றேன். அவள் பஸ் வந்தது. தாமதமாகத்தான்.

மே மாதம் வகுப்பில் எல்லார் முன்னாலும் பேச வேண்டியிருந்தது. ஆசிரியை ஹெலன் ஒரு டாக்டர், ஆனால் என் முழங்காலைப் பார்க்க முடியாதாம், பொருளாதாரத்துக்கு மட்டும்தான் டாக்டராம். தாளைப் பார்த்து மூன்று பெயரையும் படித்தாள். தாளைக் கீழே வைத்தாள். பிறகு "மால்கம்" என்றாள். நான் கையைத் தூக்கினேன். என் முறை வந்ததும் டெமி செய்து கொடுத்த படத்தில் பஸ் தலைகீழாக வந்து நின்றது, எனக்கு எடித் சொன்னதைத் தவிர எல்லாம் மறந்துவிட்டது. அதை மட்டும் சொல்லிவிட்டு நின்றேன்.

"இதை எப்படி அளப்பீங்க?" என்று கேட்டாள் ஹெலன். "குட் மார்னிங் சொல்றதுக்கு என்ன மதிப்பு போடுவீங்க?"

"தெரியலம்மா. நான் பள்ளிக்கூடத்துல மசிச்ச உருளைக்கிழங்கு பரிமாறுறவ."

"அது முதலாம் ஆண்டுல வரும்," என்று எழுதிக்கொண்டாள்.

பாஸ் ஆனோம், தப்பிப் பிழைத்த பாஸ். ஆதாரம் போதாது என்று கீழே குறிப்பு. ஜோர்டன் புகாரை வாபஸ் வாங்கினான்: "மால்கம் தன் பங்கைச் செய்தார்." எனக்கு அது போதும். நான் போனது அதற்குத்தான். பஸ் கம்பெனி நாங்கள் பேசியதையெல்லாம் கேட்கவா போகிறது? எட்டாம் நம்பர் ஜூனோடு நிற்கிறது என்று நிறுத்தத்தில் தாள் ஒட்டிவிட்டார்கள். எடித் இனி எங்கே போய்ச் சூடு காய்வாளோ. படித்து என்ன கண்டோம் என்றுதான் நீங்கள் கேட்பீர்கள்.

ஆகவே அண்ணி, நாளைக்கே பல்கலைக்கழகத்துக்குப் போய் உண்மையைச் சொல்லிவிட்டு, கார்டைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன். அந்தப் பிள்ளைகளுக்கு மட்டும் தெரியவே கூடாது என்று ஹெலனிடம் கேட்டுக்கொள்வேன். பதினாறு வயசில் பள்ளிக்கூடத்தை விட்டவளுக்குப் பொருளாதாரம் எதற்கு என்று நீங்கள் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். முதுகுப்பையைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன், திங்கள்கிழமை பார்சலில் அனுப்புகிறேன்.

ரான் அண்ணனுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். ஆண்டவன் உங்கள் இடுப்பையும் உங்கள் குரலையும் நல்லபடியாக வைத்திருக்கட்டும்.

உங்கள் தம்பியின் மனைவி,
லொரேன்

பின்குறிப்பு: கடிதத்தைத் தபாலில் போடாமலே பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டேன். நான் ஆரம்பிப்பதற்குள் ஹெலன் டீயை என் பக்கம் நகர்த்திவிட்டு, "எங்களுக்குத் தெரியும், லொரேன்" என்றாள். நான் முதலில் போன அன்றே டெமி அவர் பெயரைப் போட்டு இணையத்தில் தேடியிருக்கிறாள். மரண அறிவிப்பு வந்திருக்கிறது, எந்த நிறுத்தம் என்பதும் அதிலேயே இருந்திருக்கிறது. மறுநாள் காலை ஜோர்டன் ஹெலனின் அறையில் வந்து நின்று அழுதானாம். மால்கம் பெயரைப் பதிவிலிருந்து அன்றைக்கே எடுத்துவிட்டார்கள். அவள் கூப்பிட்டபோது தாளில் அந்தப் பெயர் இல்லை. கார்டை மட்டும் நிறுத்த வேண்டாம், நிறுத்தினால் அந்த அம்மாவுக்குக் கதவு திறக்காது என்று கெஞ்சிக் கேட்டது அந்தப் பையன்தானாம். கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். செப்டம்பரில் புது வகுப்பு தொடங்கும்போது என் முகத்தை வைத்து வேறு ஒன்று அடித்துத் தருவார்களாம். முதுகுப்பையை அனுப்ப முடியாது அண்ணி, செப்டம்பரில் எனக்கு வேண்டும்.