குறட்டை நின்றதற்குக் கும்பிட்டேன்

இஞ்சின் அண்ணாச்சி ஏறிய பஸ்ஸுக்கு ஹாரன் தேவையே இல்லை. ராஜபாளையத்தில் சீட்டில் சாய்ந்தாரென்றால் ஸ்ரீவில்லிபுத்தூர் வரும்வரை அவர் குறட்டைக்கே மாட்டுவண்டிகள் ஒதுங்கி வழிவிடும்.

எண்பதுகளின் கடைசியில் நாங்கள் இருவரும் ஒரே நூல் மில்லில் வேலை பார்த்தோம். மதியம் ஷிப்ட் முடிந்தால் ஒரே பஸ், ஒரே சீட். இடையிடையே குறட்டை சட்டென்று நிற்கும். பஸ்ஸே ‘அப்பாடா’ என்னும். நான் ஆண்டாளை நினைத்துக் கும்பிட்டுக்கொள்வேன்.

அப்புறம் அண்ணாச்சிக்குச் சர்க்கரை என்று தெரிந்தது. மாத்திரை போட்டும் இறங்கவில்லை. பால்கோவா ஊரில் ஒருவருக்குச் சர்க்கரை இறங்கவில்லை என்றால் விசாரணை கிடையாது, நேரே தீர்ப்புதான். அவர் சம்சாரம், எங்கள் மதினி, தினமும் சட்டைப் பையை மோந்து பார்த்தாள். என்னை விட்டுப் பால்கோவாக் கடையிலும் விசாரித்தாள். அண்ணாச்சி கடைப் பக்கமே வருவதில்லை என்றார் கடைக்காரர். தெரிந்த ஆளுக்காகப் பொய் சொல்கிறார் என்று மதினி முடிவு கட்டிவிட்டாள்.

கடைசியில் ஆண்டாள் சன்னதியில் சத்தியம் பண்ணச் சொன்னாள். துணைக்கு நானும் போனேன். போன நேரம் திரை போட்டிருந்தது. செத்த நேரம் உட்காருவோம் என்று அண்ணாச்சி தூணில் சாய்ந்தார். அவ்வளவுதான். நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். மதினி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். திடீரென்று குறட்டை நின்றது. வழக்கம்போல நான் கும்பிட்டேன்.

பக்கத்தில் இருந்த ஒரு நர்ஸம்மா மட்டும் அண்ணாச்சியின் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எதுக்குக் கும்பிடுதீய? அவிய மூச்சே விடல.”

அவர் பிடித்து உலுக்குவதற்குள் ஓர் உறுமலோடு மூச்சு திரும்பியது. அண்ணாச்சி கண்ணைத் திறந்தார்.

“பால்கோவாவ நான் தொடல.”

சத்தியம் முடிந்தது.

நர்ஸம்மா அனுப்பிவைத்த மதுரை டாக்டர் சொன்னதில் எனக்கு விளங்கியது இவ்வளவுதான். தூங்கும்போது தொண்டை அடைத்து, மூச்சு நின்று நின்று வருகிறது. படுத்திருந்தாலும் உடம்புக்கு ஓய்வில்லை, மூச்சுக்குப் போராடுகிறது. அந்தப் போராட்டத்தில் சர்க்கரையும் ஏறும். தொந்தி இரண்டுக்கும் கூட்டாளி. மாத்திரையை விடக்கூடாது, நடக்க வேண்டும், மல்லாக்கப் படுக்கக் கூடாது.

மல்லாக்கப் புரளாமலிருக்கப் பனியன் முதுகில் ஒரு பந்தைத் தைக்கச் சொன்னார். பந்துக்கு எங்கே போவது? மில்லில் கழித்துப்போட்ட, நூல் சுற்றும் மரப் பாபினை வைத்துத் தைத்துவிட்டாள் மதினி.

“மில்லுல பாக்குறது பத்தாதுன்னு பாபினோடயே படுக்கச் சொல்லுதா” என்று அண்ணாச்சி என்னிடம் புலம்பினார்.

நடந்து நடந்து தொந்தி கரைந்தது. சர்க்கரையும் மெல்ல இறங்கியது. கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்கக் கூச்சப்பட்ட மதினி, அதே கடையில் அரைக் கிலோ பால்கோவா வாங்கி எங்கள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள்.

பஸ் தூக்கம் மட்டும் அண்ணாச்சியை விடவில்லை. எப்போதாவது குறட்டை நிற்கும். பஸ் ‘அப்பாடா’ என்னும். நான் அவர் தோளைத் தொடுவேன்.

“ஊரு வந்திருச்சாப்பா?”

“இல்ல அண்ணாச்சி. நீங்க தூங்குங்க.”

மறுபடி அந்தச் சத்தம் கிளம்பிய பிறகுதான் ஆண்டாளுக்கு என் கும்பிடு.