பத்து மணித் தீனி

மதுரையில் ஜென்ம விரோதியைப் பார்த்தால்கூட "சாப்டீகளா?" என்று கேட்டுவிட்டுத்தான் சண்டையை ஆரம்பிப்பார்கள். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தும், ஒரு மனிதப்பிறவியிடம்கூட அந்தக் கேள்வியைக் கேட்காத ஒரே ஆள் எங்கள் தீனி டாக்டர்தான். சத்தியமாகச் சொல்கிறேன், நான் ஆறு வருஷம் காத்திருந்து பார்த்தவன்.

ஆனால் புட்டிக்குள் வளர்க்கிற செல்களிடம் தினமும் கேட்பார். ஆரப்பாளையம் பக்கம் ஒரு ஆராய்ச்சிக்கூடம். அவர் விஞ்ஞானி, நான் ஸ்டோர் கிளார்க். காலை பத்து மணி அடித்தால் புட்டியில் இருக்கிற பழைய சத்துநீரை உறிஞ்சி எடுத்துவிட்டு, ரோஸ் கலரில் புதுசை ஊற்றுவார். "என்னத்தா, சாப்டாச்சா? வயிறு நெறஞ்சுச்சா?" ஞாயிறு கிடையாது, தீபாவளி கிடையாது. சொந்தத் தங்கச்சி கல்யாணத்தில், முகூர்த்த நேரத்தில் பெண்ணின் அண்ணனைக் காணோம் என்று மண்டபமே தேடியது. மனுஷன் லேபில் தீனி வைத்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு விழுந்த பெயர்தான் ‘தீனி டாக்டர்’.

என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. ஒரு நாள் வந்து நின்றார்.

"ஸ்டோரு, ஒன் வயசென்னய்யா?"

"நாப்பத்தாறு சார்."

"அருமை! நல்லா அரதப்பழசா இருக்கே. கையக் காட்டு."

முறைப்படி கையெழுத்து வாங்கிக்கொண்டு, என் முழங்கைக்குக் கீழே துவரம்பருப்பு அளவு தோலை எடுத்தார். "வலிக்குது சார்" என்றேன். "தோலுக்கு ஒண்ணும் ஆகலல்ல?" என்றார், என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல்.

இதை வைத்து என்ன செய்வீர்கள் என்று கேட்டது என் தப்பு. என் ஸ்டாப்ளரை எடுத்து, ஸ்டாக் நோட்டில் நாலு பக்கத்தைச் சேர்த்துப் பின் அடித்தார்.

"இப்பப் படி பாப்போம். முடியாதுல்ல? எழுத்து அப்படியே இருக்கு, பக்கந்தான் மூடிக்கிருச்சு. வயசாக ஆக செல்லுக்குள்ளயும் இதே கூத்துதான்யா. மூடக்கூடாத பக்கம் மூடிக்கிரும், தொறக்கக்கூடாதது தொறந்துக்கிரும். நான் எல்லாத்தையும் பழையபடி ஆக்கப் போறேன்."

மூன்று வருஷம் கழித்து, ஒரே ஒரு புட்டியில் அது நடந்தது. என் கிழட்டுத் தோல், தன் வயசை மறந்து, நரம்போ இதயமோ எதுவாகவும் மாறத் தயாரான பச்சைக் குழந்தையாகிவிட்டது. உறைய வைத்துப் பத்திரப்படுத்தும் அளவுக்கு இன்னும் பெருகவில்லை. அந்தப் புட்டி போனால் மூன்று வருஷமும் போச்சு.

அந்த வாரம் பார்த்தா கரண்ட் போக வேண்டும்? ஜெனரேட்டரும் கையை விரித்துவிட்டது. செல்லுக்கு முப்பத்தேழு டிகிரி வேண்டும், நம் உடம்புச் சூடு. மாட்டுத்தாவணி தாண்டி டாக்டரின் சிநேகிதர் ஒருவர் வைத்திருந்த லேபில் கரண்ட் இருந்தது. டாக்டர் புட்டி மூடியை இறுக்கினார், வயிற்றோடு கட்டிக்கொள்ளப் போனார். அளந்து பார்க்காமல் எதையும் செய்யமாட்டாரே, தெர்மாமீட்டரை எடுத்து அக்குளில் வைத்தார்.

"அய்யய்யோ! முப்பத்தொம்பதரை! எனக்குக் காய்ச்சல்யா!"

"படுங்க சார், மாத்திரை வாங்கிட்டு வாரேன்."

"மாத்திரை கெடக்கட்டும். என் வயித்துல வச்சா புள்ளைக வெந்துரும். நீ சட்டையக் கழட்டு!"

துண்டை வைத்து என் தொப்பையில் புட்டியைக் கட்டி, மேலே சட்டையை மாட்டிவிட்டார். என் இளமையை நானே வயிற்றில் சுமந்துகொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறினேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் டாக்டர் கத்தினார். "மெதுவாப் போ மாப்ள! பிள்ளைத்தாச்சி இருக்கு!"

டிரைவர் திரும்பிப் பார்த்தார். உள்ளே நாங்கள் இரண்டு பேரும், பூ மார்க்கெட்டுக்குப் போகிற ஒரு அக்காவும்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது நான் மட்டும். அந்த அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தது. ஒன்றும் கேட்காமல் காலிக் கூடையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, "நல்லா ஒக்காருங்கண்ணே" என்று இடம் விட்டது. மானம் போச்சு.

சிநேகிதர் லேபில், காய்ச்சல் நடுக்கத்தோடு மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். ஒரு மூலை விடாமல் புட்டியை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார்.

"இருக்காகய்யா ஸ்டோரு! அம்புட்டுப் பேரும் இருக்காக!"

புதுச் சத்துநீர் ஊற்றி, புட்டியைச் சூட்டுப் பெட்டிக்குள் வைத்துவிட்டு நாற்காலியில் சரிந்தார். இரண்டு நாளாக மனுஷன் பச்சைத் தண்ணிதான் குடித்திருக்கிறார், அப்புறம்தான் தெரிந்தது. சட்டையில்லாமல் நின்ற என்னை, என் தொப்பையில் பதிந்திருந்த புட்டித் தடத்தைப் பார்த்தார்.

"ஸ்டோரு... நீ சாப்டியாய்யா?"

சட்டையை மாட்டிக்கொண்டு, இரண்டு பேருக்கும் இட்லி வாங்க ஓடினேன்.

இப்போது ஓய்வு பெற்று கொட்டாம்பட்டியில் இருக்கிறார். தீனி வைக்கப் புட்டி கிடையாது. அதனால் தினமும் பத்து மணிக்கு எனக்குப் போன் வரும். "சாப்டியாய்யா?" எட்டு மணிக்கே ஆறு இட்லி இறங்கியிருக்கும். இருந்தாலும் "இன்னும் இல்ல சார்" என்பேன். "போய் மொதல்ல தின்னுய்யா!" என்று வைவார். அதைக் கேட்டால்தான் எனக்கு வயிறு நிறைகிறது.