ஹம்ப்ளி அண்ணனின் பணிவு

மதுரையிலும் அதைச் சுற்றி நாற்பது கிலோமீட்டரிலும், இங்கிலீஷில் ஹம்ப்ளி அண்ணனைப் போல் பணிவான மனிதர் இன்னொருவர் கிடையாது. தமிழில் அவர் யாருக்கும் பணிந்து நான் பார்த்ததில்லை.

சமயநல்லூரில் ரோட்டோரமாக இருக்கும் எங்கள் பம்புசெட் கம்பெனிக் கிளையில் அவர் தலைமை குமாஸ்தா. நான் குடோன் பொறுப்பு. ஆனையூரிலிருந்து பதினாறு வருடமாகப் போய் வந்து எனக்கு எல்லாமே அலுத்துவிட்டது. மேனேஜர்கள் வந்தார்கள், போனார்கள், ஒருவர் முகமும் மனதில் நிற்கவில்லை. இவர் மட்டும் நிற்கிறார்.

உசிலம்பட்டிப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து பஸ்ஸில் வருவார். ஆபீசுக்குள் நுழையும்போதே கண்டக்டரிடம் ஒரு சண்டையை முடித்திருப்பார். "ஆளு ஏறுறதுக்குள்ள விசில் ஊதுறான் மாப்ள. ஒங்க அப்பன் வீட்டு பஸ்ஸாய்யான்னு கேட்டுட்டேன்" என்றபடி பையை வைப்பார். அதே மனிதர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் பசுவாகிவிடுவார். சென்னைத் தலைமை அலுவலகத்துக்கு எங்கள் கிளையிலிருந்து போகும் மெயில் அத்தனையும் அவர் அடித்து, அவர் பெயரில் போவதுதான். அதில் வரிக்கு வரி 'ஹம்ப்ளி'; அவருக்கு அந்தப் பெயர் வந்ததும் அதனால்தான். பணிவுடன் கேட்கிறோம், பணிவுடன் தெரிவிக்கிறோம், பணிவுடன் பிரிண்டருக்கு மை இல்லை.

அதற்கு ஒரு அளவும் வைத்திருந்தார். ஒரு நாள் லீவுக்கு ஒரு ஹம்ப்ளி. மூன்று நாளுக்கு இரண்டு ஹம்ப்ளி, ஒரு மீக்லி. ஒரு வாரம் என்றால் மாடஸ்ட்லியும் சேரும். சம்பள உயர்வு கேட்பதாக இருந்தால் மேஜை டிராயரிலிருந்து அட்டை கிழிந்த அகராதியை எடுப்பார். "நிய்யி சும்மா இரு. இம்புட்டுப் பெரிய விசயத்துக்குப் பழைய வார்த்தையப் போட்டா மதிப்பானா" என்று சொல்லி, யாரும் வாயால் சொல்லிக் கேட்டிராத ஒரு வார்த்தையை இறக்குவார். எனக்கு ஒருதரம் அப்படி எழுதிக் கொடுத்தார். சம்பளம் ஏறவில்லை. என் உடல்நிலை எப்படி இருக்கிறது என்று விசாரித்துப் பதில் வந்தது.

இன்டர்நெட் நாலு நாளாக வரவில்லை என்று ஒரு கம்பெனிக்குப் புகார் எழுதினார். உங்கள் பாராட்டுக்கு நன்றி என்று பதில் போட்டுப் புகாரை மூடிவிட்டார்கள். அடுத்த நிமிடம் போனைப் போட்டுத் தமிழில் பேசினார். சாயங்காலம் லைன் வந்துவிட்டது.

ஒருநாள் பொறுக்காமல் கேட்டேன். "ஏண்ணே, நேர்ல இப்படி எகிறுறீக, இங்கிலீசுல மட்டும் எதுக்குண்ணே கால்ல விழுகுறீக?"

டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னார். "எங்கப்பா அடுத்தவன் காட்டுல கூலி வேலைக்குப் போனவரு. காய்ச்சல், ஒரு நா வேலைக்கு வரலைன்னு சொல்லப் போறதுக்கே தோள்ல கெடக்குற துண்ட எடுத்து இடுப்புல கட்டிக்கிட்டுத்தான் நிக்கணும். நான் பார்த்திருக்கேன். எனக்குக் குனிய வராது மாப்ள. கேக்காமயும் இருக்க முடியாது. அதான் வார்த்தையக் குனிய விட்டுட்டு நான் நிமிந்து உக்காந்துக்கிறேன்."

அதற்குப் பிறகு நான் கிண்டல் செய்வதைக் குறைத்துக்கொண்டேன். நிறுத்தவில்லை.

போன ஐப்பசியில் ஒருநாள் மகளின் பள்ளி விழாவுக்காக அரை மணி நேரம் முன்னதாகக் கிளம்பினேன். முற்றத்தில் இறக்கியிருந்த பன்னிரண்டு மோட்டார்களுக்குத் தார்ப்பாய் போடச் சொல்ல மறந்துவிட்டேன். மழை மறக்கவில்லை. காலையில் பன்னிரண்டும் தண்ணீரில் நின்றன. தலைமை அலுவலகம் மாலைக்குள் விளக்கம் கேட்டது. வழக்கம்போல ஹம்ப்ளி அண்ணன்தான் எழுதினார். என் பெயரைப் போடவில்லை. "பேரச் சொல்லிக் கோள் மூட்டுறது நல்லாவா இருக்கு" என்றார். பெயர் இருக்க வேண்டிய இடத்தையெல்லாம் பணிவால் நிரப்பினார். இந்த எளியவனின் கண்ணெதிரே, இந்த எளியவனின் கைகளில் நேர்ந்த பிழைக்காக மிகமிகப் பணிவுடன் வருந்துகிறேன் என்கிற பொருளில் முடித்தார்.

சென்னையில் அதிகாரி புதியவர். இந்தக் கைகூப்பல் எல்லாம் எங்கள் கிளையின் வழக்கம் என்று அவருக்குத் தெரியாது. குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டார் என்று எடுத்துக்கொண்டார். விசாரணை முடியும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்று ஹம்ப்ளி அண்ணனுக்கு உத்தரவு வந்தது. ஓய்வுபெற அவருக்கு இன்னும் பதினோரு மாதம்தான் இருந்தது.

அவர் உத்தரவைப் படித்தார். பையை எடுத்தார். "வாரேன் மாப்ள" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். கண்டக்டரிடம் அன்றைக்குச் சண்டை போட்டாரா என்று தெரியவில்லை.

மூன்று நாள் நான் வாயைத் திறக்கவில்லை. இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. வீட்டுக் கடன், மகள் படிப்பு என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் காலையில் போனில் ஒரு மெயில் அடித்தேன். தார்ப்பாய் போடாதது நான், அவருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று எழுதினேன். பயத்தில், அவரிடம் பதினாறு வருடம் கற்றதையெல்லாம் அதில் கொட்டினேன். ஹம்ப்ளி மட்டும் ஏழு. அனுப்பத் தைரியம் வராமல் உசிலம்பட்டி பஸ் ஏறினேன்.

கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துப் போனை வாங்கினார். கண்ணாடி இல்லாமல் எட்டப் பிடித்து நிதானமாகப் படித்தார். பிறகு கட்டைவிரலால் ஒவ்வொன்றாக அழிக்க ஆரம்பித்தார். ஏழு ஹம்ப்ளியும் போயிற்று. மீக்லியும் போயிற்று. கடைசியில் மூன்று வரி மிஞ்சியது.

"என்னண்ணே, மொட்டையா இருக்கு" என்றேன்.

"கேக்கப் போறவனுக்குத்தான்டா அதெல்லாம். நிய்யி என்ன கேக்கவா போற? நடந்ததச் சொல்லப் போற. அதுக்கு எதுக்குக் குனியணும்?"

"வேலை போயிருச்சுன்னாண்ணே?"

"போகலாம். நான் வேணாம்னு சொல்லிருவேன் மாப்ள, ஆனா நிய்யி நாலு நாளாத் தூங்கலைன்னு மூஞ்சியப் பார்த்தாலே தெரியுது."

அனுப்பினேன். அவர் வீட்டுக்குள் திரும்பி, இன்னொரு தட்டு வைக்கச் சொன்னார். கருவாட்டுக் குழம்பு. நாலு நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டேன்.

என் வேலை போகவில்லை. எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்தது, அந்த வருடச் சம்பள உயர்வு நின்றது. அடுத்த திங்கட்கிழமை அவர் வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த விஷயத்தை அவர் அப்புறம் எடுக்கவே இல்லை, நானும் எடுக்கவில்லை. பதினோரு மாதமும் வேலை பார்த்து, போன மாதம் ஓய்வுபெற்றார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் உசிலம்பட்டி பஸ் ஏறுகிறேன். ஒரே லீவு நாளில் அங்கே என்ன வேலை என்று வீட்டில் கேட்கிறார்கள். வேலை ஒன்றும் இல்லை. அவரைப் பார்த்துவிட்டு வந்தால் திங்கட்கிழமை அவ்வளவு அலுப்பாக இருப்பதில்லை.