வைரக்கண்ணு செத்த சனிக்கிழமை

மன்னார்குடி உரக்கடைப் புகழேந்தி தன் ஐம்பத்தாறாவது வயதில் ஒரு ஆளைக் கொன்றார். கத்தி எடுக்கவில்லை, விஷம் வைக்கவில்லை. சனிக்கிழமை காலையில், காப்பி ஆறுவதற்குள் வாயாலேயே கதையை முடித்துவிட்டார்.

“நீலா, வைரக்கண்ணு போயிட்டான்.”

“எங்க போயிட்டாரு?”

“செத்துட்டான். தஞ்சாவூர்ல. காலேஜ்ல என்கூடப் படிச்சவன்.”

வைரக்கண்ணு என்று ஒருவன் பிறக்கவே இல்லை. பிறக்காதவனைச் சாகடிக்கும் அளவுக்கு அவருக்கு என்ன கஷ்டம்? பேச ஆள் இல்லாத கஷ்டம்தான். சிங்கப்பூரில் இருக்கும் மகன் வீடியோவில் அம்மாவிடம் அரை மணி நேரம் பேசுவான். கடைசியில் “அப்பா நல்லாருக்காரா?” என்று அதையும் அம்மாவிடமே கேட்டு வைத்துவிடுவான். மனைவி நீலாம்பாளுக்குக் கொல்லை நிறையக் கோழிகள் இருந்தன, டிவி நிறைய சீரியல் இருந்தது. கடைக்கு வருகிறவர்கள் யூரியா வந்துவிட்டதா என்று கேட்பார்களே தவிர, நல்லாயிருக்கிறீர்களா என்று ஒருவரும் கேட்பதில்லை.

இந்த நிலைமையில்தான் கூத்தாநல்லூர் முபாரக்கிடமிருந்து செய்தி வந்தது. தஞ்சாவூரில் ஒரு பெரிய ஓட்டல் தோட்டத்தில் சனிக்கிழமை சாயங்காலம் பர்கர், பீர், மேடையில் நாட்டுப்புறப் பாட்டு. முபாரக் பீரைத் தொடமாட்டான். பாட்டுக்காகவும் பர்கருக்காகவும் வருகிறான். பட்டுக்கோட்டைத் தமிழரசன் தேங்காய் மண்டியைச் சாத்திவிட்டு வருகிறான். கல்லூரிக் கூட்டாளிகள் மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து எத்தனையோ வருஷம் ஆயிற்று. அந்த வாரம் முழுக்கப் புகழேந்தி மூட்டைகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

உண்மையைச் சொல்லிவிட்டே போகலாம்தான். ஆனால் மகன் கல்யாணத்தில் பீர் குடித்துவிட்டுச் சம்பந்தி மடியில் தலை வைத்துத் தூங்கியவர் அவர். அன்றிலிருந்து அந்த வீட்டில் அந்தச் சொல்லுக்கே தடை.

“பாவமே! பொண்டாட்டி புள்ளைங்க?”

“யாரும் கிடையாது. ஒண்டிக்கட்டை.”

“அப்ப நானும் வரேங்க.”

“நீ எதுக்கு? ஒரே ஆம்பளைக் கூட்டமா இருக்கும்.”

சொல்லிவிட்டு உள்ளே போனவர் மீசைக்கு மை பூசினார். பூப்போட்ட சட்டையை மாட்டினார். கழுத்தில் கொஞ்சம் சென்ட். நீலாம்பாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். சட்டையைப் பற்றி அவள் ஒன்றுமே கேட்காதபோதே அவர் சுதாரித்திருக்க வேண்டும்.

“சனிக்கிழமைச் சாவாச்சே, கோழிக்கு என்னங்க பண்ணப் போறாங்க?”

புகழேந்திக்குத் திக்கென்றது. வாரத்தில் ஏழு நாள் இருக்க, போயும் போயும் சனிக்கிழமையில் கொன்றுவிட்டாரே! சனிக்கிழமை செத்தவர் துணைக்கு இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார் என்று பாடையில் ஒரு கோழிக்குஞ்சைக் கட்டி அனுப்புவது வழக்கம்.

“அதெல்லாம் அங்க பாத்துப்பாங்க.”

“யாரும் இல்லாதவருன்னீங்க. யாரு பாப்பாங்க?”

கொல்லைக்குப் போனாள். சாம்பல் நிறக் குஞ்சு ஒன்றைப் பிடித்து ஒயர் கூடையில் வைத்து, அவர் கையில் மாட்டிவிட்டாள்.

பேருந்தில் குஞ்சு வழியெல்லாம் கத்தியது. பக்கத்துச் சீட்டுக்காரர் எழுந்து வேறு இடத்துக்குப் போனார். வழியில் இறக்கிவிட்டுவிடலாம் என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் நினைத்தார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு நாய் நின்றது.

ஓட்டல் தோட்டத்தில் மூன்று நாற்காலி போட்ட மேசையில் உட்கார்ந்தார். முதலில் தமிழரசன் போனில் பேசினான்.

“மாப்ள, திடீர்னு லோடு வந்துடுச்சுடா. அடுத்த மாசம் பாக்கலாம்.”

பிறகு முபாரக்.

“பேத்திக்குக் காய்ச்சல்டா. என்னை விட்டு இறங்க மாட்டேங்குது. கோச்சுக்காதடா.”

“பரவால்லடா, பிள்ளையப் பாரு” என்றார். முபாரக்கின் பேத்தி மேல்கூட அவருக்குப் பொறாமையாக இருந்தது.

சர்வர் வந்தார்.

“சிக்கன் பர்கர்தான் இங்க ஸ்பெஷல் சார்.”

கூடைக்குள்ளிருந்து “கீ” என்றது.

“காய்கறி பர்கரே கொண்டாங்க தம்பி” என்றார் புகழேந்தி அவசரமாக.

பீர் வந்தது. நுரை அடங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து மேசைகளில் எல்லாம் சிரிப்பு. எதிர் நாற்காலியில் கூடையை எடுத்து வைத்தார். பன்னைப் பிய்த்துப் போட்டார். குஞ்சு கொத்தித் தின்றது. “நெல்லு விலை கேட்டியா?” என்று ஆரம்பித்தார். கேட்கவில்லை போலிருந்தது. சொன்னார். முழங்கால் வலியைச் சொன்னார். மகன் தன்னோடு பேசுவதில்லை என்பதைச் சொன்னார். யாரிடமும் சொல்லாததையெல்லாம், குழம்பு வைக்கிற வயதுகூட வராத ஒரு கோழியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மேடையில் பாடிக்கொண்டிருந்த ராஜாத்தி இதைக் கவனித்துவிட்டாள்.

“கோழியோட வந்திருக்கிற ஐயாவுக்கு என்ன பாட்டு வேணும்?”

எல்லாரும் திரும்பினார்கள். சொன்ன பொய்யில் பாதியாவது உண்மையாகட்டும் என்று நினைத்தோ என்னவோ, “ஒப்பாரி” என்றார்.

தோட்டமே சிரித்தது. ராஜாத்தி மட்டும் சிரிக்கவில்லை. பறையை நிறுத்தச் சொல்லிவிட்டுத் தணிந்த குரலில் எடுத்தாள்.

“பந்தியில எல போட்டேன், பக்கத்துல ஆளில்லையே…”

புகழேந்தி அழுதார். இல்லாத வைரக்கண்ணுக்காக, வராத இருவருக்காக, காலியாகக் கிடந்த நாற்காலிகளுக்காக, மீசை மை கரைந்து உதட்டில் இறங்கும்வரை அழுதார்.

வீட்டுக்குத் திரும்பும்போது மூளை வேலை செய்தது. சாவு வீட்டுக்குப் போனவன் குளிக்காமல் உள்ளே நுழையக் கூடாது. நேரே கொல்லைக்குப் போய், கூடையை வாழைமரத்தடியில் வைத்துவிட்டு, பூப்போட்ட சட்டையோடு தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். பீர் வாசனைக்கும் அது நல்லது. நீலாம்பாள் துண்டோடு வந்தாள்.

“நல்லபடியா எடுத்தாங்களா?”

“நல்ல கூட்டம். பறை, பாட்டு எல்லாம் இருந்துச்சு.”

“அழுதீங்களா? கண்ணு செவந்திருக்கு.”

“அழுதேன், நீலா.” அன்று அவளிடம் அவர் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

வாழைமரத்தடியில் “கீ கீ” என்றது.

நீலாம்பாள் கூடையைத் தூக்கிப் பார்த்தாள். குஞ்சின் தலையில் பன் துகள் ஒட்டியிருந்தது.

“பாடையில போன குஞ்சு தீனி தின்னுட்டுத் திரும்பி வந்திருக்கே. அப்ப வைரக்கண்ணும் திரும்பிட்டாரா?”

புகழேந்தியின் மீசையிலிருந்து கறுப்பாகச் சொட்டியது.

“மை பூசிக்கிட்டு எவன் சாவுக்குப் போவான்? அதான் குஞ்சைக் குடுத்துவிட்டேன். அதை அங்க விட்டுட்டு வர உங்களுக்கு மனசு வராதுன்னு எனக்குத் தெரியாதா?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். நிமிர்ந்தால் பீர் வாசனை வரும். அவள் துண்டால் அவர் தலையை அழுத்தித் துவட்டினாள். துவட்டிக்கொண்டே இருந்தாள்.

“சீரியல் பாத்துப் பாத்து எனக்கும் சலிச்சுப் போச்சுங்க. அடுத்த சனிக்கிழமையும் யாரையாவது சாகடிங்க. கோழி வேணாம், துணைக்கு நான் வரேன்.”