மாமனார் உட்காரவில்லை

ரத்த அழுத்தம் பார்க்கிறவனுக்கு இருக்க வேண்டிய முதல் தகுதி, எதிரில் இருப்பவரை உட்கார வைக்கத் தெரிந்திருப்பது. மற்றதை மெஷின் பார்த்துக்கொள்ளும். எனக்கு மெஷினை இயக்கத் தெரிந்திருந்தது. ஆளை உட்கார வைக்கத் தெரியவில்லை. அதனால் ஒரு மனிதரின் வலது கையும் வலது காலும் போயின. இதைப் போய்ச் சிரிக்கச் சிரிக்க எழுதுகிறாயே, வெட்கமாக இல்லையா என்று நீங்கள் கேட்டால், இருக்கிறது. ஆனால் கை போனவரே இதைச் சொல்லிச் சிரிக்கும்போது, நான் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு எழுதினால் அவர் கோபித்துக்கொள்வார்.

பதினான்கு வருடங்களுக்கு முன்பு ஒரு மருத்துவக் கல்லூரி செஞ்சியைச் சுற்றி ஓர் ஆய்வு நடத்தியது. ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தாலே பலருக்குப் பயத்தில் பிரஷர் ஏறிவிடுகிறது. வேறு சிலருக்கு டாக்டரிடம் சரியாக இருக்கிறது, வீட்டில் எகிறுகிறது. வீடு வீடாகப் போய்ப் பார்த்தால் யாருக்கு உண்மையிலேயே நோய் இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியுமா? இதுதான் கேள்வி. நல்ல கேள்வி. அதன் விடையைக் கெடுப்பதற்கு அவர்களே பார்த்துத் தேர்ந்தெடுத்த ஆள் நான். முப்பத்தொரு வயது, விலங்கியல் பட்டம், கல்யாணமாகி எட்டு மாதம், கழுத்தில் 'கள ஆய்வாளர்' என்று ஓர் அடையாள அட்டை. (அதைக் கழற்றாமலே தூங்கியிருக்கிறேன்.)

ஆய்வை நடத்திய டாக்டரம்மா மூன்று நாள் பயிற்சி கொடுத்தார். ஆளை நாற்காலியில் சாய்ந்து உட்கார வைக்க வேண்டும். அதற்கு முன் அரை மணி நேரம் டீ, பீடி, ஓட்டம் எதுவும் கூடாது. ஐந்து நிமிடம் பேசாமல் இருக்க வேண்டும். பிறகு ஒரு நிமிட இடைவெளியில் மூன்று முறை பார்த்து மூன்றையும் எழுத வேண்டும். மேல் எண் நூற்றெண்பதைத் தாண்டி, திரும்பப் பார்த்தும் இறங்காவிட்டால், அன்றைக்கே வண்டியை வரவழைத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். சொந்தக்காரர் வீடு பட்டியலில் வந்தால் வேறு ஆளுக்கு மாற்றிவிட வேண்டும்.

ஒரு வாரம் ஒழுங்காகச் செய்தேன். அந்த ஐந்து நிமிட மௌனத்தில்தான் வழுக்கினேன். எங்கள் பக்கத்து மனிதர்களிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். வாயை மூடு என்று மட்டும் சொல்ல முடியாது. "ஏம்ப்பா, வூடு தேடி வந்துட்டு பேசாதன்றியே, இன்னா மரியாதை இது?" என்று ஓர் அம்மாள் எழுந்தே போய்விட்டாள். ஆகவே மௌனத்தை விட்டேன். மௌனம் போன பின் மூன்று முறை எதற்கு? முதல் எண்ணை மெஷின் கொடுத்தது. மற்ற இரண்டையும் நான் கொடுத்தேன். ஒன்றில் இரண்டைக் குறைப்பேன், இன்னொன்றில் ஒன்றைக் குறைப்பேன், எப்போதாவது ஒன்றைக் கூட்டுவேன். (இயற்கையாக இருக்க வேண்டும் அல்லவா.) என் முதல் கதைகள் பத்திரிகையில் வந்தன என்று நண்பர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லை. அவை ஆய்வுப் படிவங்களில் வந்தன.

பிறகு சிங்கவரம் பட்டியல் வந்தது. அதில் ஒரு பெயர் ஏழுமலை, வயது ஐம்பத்தைந்து, விவசாயம். என் மாமனார்.

மாற்றிக் கொடுத்திருக்க வேண்டும். ஆனால் மாப்பிள்ளை வருகிறார் என்றால் அந்த வீட்டில் நாட்டுச்சேவல் அடிப்பார்கள். இன்னோர் ஆள் போனால் அவனுக்கு மோர்தான் கிடைக்கும். அறிவியலா, சேவலா என்று வந்தபோது நான் அதிக நேரம் யோசிக்கவில்லை.

காலை பத்து மணிக்குப் போனேன். மாமனார் வியர்த்துக் கொட்டி, மூச்சு வாங்கிக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். சேவல் தப்பித்து நான்கு வீட்டு வேலிகளைத் தாண்டிப் போயிருக்கிறது. அரை மணி நேரம் துரத்திப் பிடித்திருக்கிறார்.

"வாங்க மாப்ள, வாங்க. உக்காருங்க."

"நீங்க உக்காருங்க மாமா. ஒங்களுக்குத்தான் பாக்கணும்."

"பரவால்ல மாப்ள, நானு நின்னுக்கறேன்."

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அவர் என் எதிரில் உட்கார்ந்ததே இல்லை. நான் சாப்பிட்ட பிறகுதான் சாப்பிடுவார். நான் தெருமுனையில் திரும்பினாலே இங்கே எழுந்து நின்றுவிடுவார். அந்த வீட்டில் இருந்தது இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒன்றில் நான் உட்கார்ந்தேன். இன்னொன்றில் என் பை உட்கார்ந்தது.

அடுப்படியிலிருந்து அத்தை குரல் கொடுத்தார்: "அவுரு ஆபீஸ் வேலயா வந்துருக்காரு. கொஞ்சம் உக்காந்துதான் தொலைங்களேன்."

"நீ சும்மா இரு. மாப்ள எதுர்ல எப்புடி உக்கார்றது?"

மெஷினின் பட்டையைக் கையில் கட்ட நான் குனிந்ததும் பதறிப்போனார். "நீங்க போயி எங் கையப் புடிக்கறதா?" என்று பட்டையை வாங்கி, தானே கோணலாகச் சுற்றிக்கொண்டார். பயிற்சியில் எதையெல்லாம் செய்யக் கூடாது என்று சொன்னார்களோ, அத்தனையும் அந்த நிமிடத்தில் அந்த வாசலில் நடந்துகொண்டிருந்தது. ஆள் நின்றபடி, பேசியபடி, சேவலைத் துரத்திய மூச்சோடு. பொத்தானை அமுக்கினேன்.

நூற்றுத் தொண்ணூற்றாறு. கீழே நூற்றுப் பன்னிரண்டு.

"இன்னா மாப்ள, எவ்ளோ காட்டுது?"

செய்ய வேண்டியது என்ன என்று எனக்குத் தெரியும். பையைக் கீழே வைத்து, அவரை உட்கார வைத்து, ஐந்து நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அப்போதும் அதே எண் வந்தால்? விருந்துக்கு வந்த மாப்பிள்ளை மாமனாரை வண்டியேற்றி அனுப்புவதா? தெருவே கூடும். அதோடு, மசாலா வதங்கும் வாசனை வர ஆரம்பித்திருந்தது.

ஆகவே நான் அறிவியல்பூர்வமாக யோசித்தேன். சேவலைத் துரத்தியதற்கு முப்பது. நின்றதற்குப் பத்து. மாப்பிள்ளை பயத்துக்கு இருபது. மொத்தம் அறுபதைக் கழித்தேன். நூற்று முப்பத்தாறு. கீழ் எண்ணையும் அதற்கேற்ப இறக்கினேன். மற்ற இரண்டு வரிகளையும் வழக்கம்போல் கற்பனையில் நிரப்பினேன். வீட்டில் வைத்துக்கொள்ளும் அட்டையிலும் அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன்.

"நார்மல் மாமா."

அத்தை கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். "அப்பாடா. ஒரு வாரமா பின்னந்தல வலிக்குது, பின்னந்தல வலிக்குதுன்னு சொல்லிகினு இருந்தாரு. நாளைக்கி செஞ்சிக்குப் போயி டாக்டர பாத்துனு வரலாம்னு இருந்தோம். இன்னமே எதுக்கு? மாப்ளயே பாத்துட்டாரே."

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறந்தேன். இரண்டு கால் துண்டுகள் சாப்பிட்டேன்.

ஒன்பதாம் நாள், மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்தபோது (வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) மாமனாரின் கையிலிருந்து செடி நழுவியது. குனிந்து எடுக்கப் போனவர் அப்படியே சாய்ந்தார். வாய் ஒரு பக்கம் கோணியது. பைக்கில் இரண்டு பேருக்கு நடுவில் வைத்துச் செஞ்சிக்குக் கொண்டுவந்தார்கள். அங்கிருந்து ஆம்புலன்சில் பெரிய ஆஸ்பத்திரிக்கு. அது எங்கள் ஆய்வை நடத்திய அதே மருத்துவக் கல்லூரி.

அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் கேட்டார்: "இதுக்கு முன்னாடி இவருக்கு பிரஷர் பாத்திருக்கீங்களா?"

என் மனைவி செல்வி முந்திக்கொண்டாள். அழுகைக்கு நடுவிலும் அவள் குரலில் ஒரு பெருமை இருந்தது. "பாத்துருக்கோம் சார். எங்க வூட்டுக்காரர்தான் பாத்தாரு. நைனாவுக்கு நார்மலாத்தான் இருந்துச்சு." கைப்பையிலிருந்து அட்டையை எடுத்தாள். கசங்காமல் இருக்கப் பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தாள்.

டாக்டர் அட்டையைப் பார்த்தார். கட்டிலருகே இருந்த மெஷினைப் பார்த்தார். அது இருநூறைத் தாண்டிக் காட்டிக்கொண்டிருந்தது. போனில் யாரையோ அழைத்தார். கால் மணி நேரத்தில் டாக்டரம்மா வந்துவிட்டார்.

அட்டையை ஒரு முறை படித்துவிட்டு என்னிடம் கேட்டார்: "மூணு தடவையும் பாத்தீங்களா?"

பயிற்சியில் சொன்ன அந்த ஐந்து நிமிட மௌனத்தை, முதல் வாரத்துக்குப் பிறகு, நான் அப்போதுதான் ஒழுங்காகக் கடைப்பிடித்தேன்.

"சொல்லுங்க."

"ஒரு தடவ மேடம்."

"எவ்வளவு இருந்துச்சு?"

"நூத்தித் தொண்ணூத்தி ஆறு."

செல்வி என் பக்கம் திரும்பினாள். "இன்னாது?"

வாயை அத்தோடு மூடியிருந்தால் இந்தக் கட்டுரை இவ்வளவு தூரம் வந்திருக்காது. நான் விளக்கினேன். "சேவல் தொரத்திட்டு வந்து நின்னாரு மேடம். அதான் சேவலுக்கு ஒரு முப்பது கொறச்சேன்."

பக்கத்துக் கட்டிலில் டிரிப் மாற்றிக்கொண்டிருந்த நர்ஸ் களுக்கென்று சிரித்துவிட்டு, உடனே வாயைப் பொத்திக்கொண்டார். வேறு யாரும் சிரிக்கவில்லை. அத்தை தரையில் உட்கார்ந்துவிட்டார். "நாளைக்கி போலாம்னு இருந்தோமே… நாளைக்கி போலாம்னு இருந்தோமே" என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

டாக்டரம்மாவும் கத்தவில்லை. "உங்க படிவமெல்லாம் ரொம்ப அழகா இருந்துச்சு. மனுஷங்க ரத்தம் இவ்வளவு ஒழுக்கமா ஓடாதேன்னு எனக்கு அப்பவே ஒரு சந்தேகம். நானே வந்து பாத்திருக்கணும்" என்றார். பிறகு என் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்தார். நானே கழற்றிக் கொடுத்தேன்.

நான் எழுதிய படிவங்களை மொத்தமாகத் தள்ளிவிட்டு, என் தெருக்கள் எல்லாவற்றுக்கும் வேறோர் ஆளை அனுப்பினார்கள். நான் நார்மல் ஆக்கி வைத்திருந்தவர்களில் சிலருக்கு மாத்திரை தேவைப்பட்டது. நல்லவேளை, அவர்களுக்கு நான் மாப்பிள்ளை இல்லை. விழுவதற்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள்.

செல்வி மூன்று வாரம் என்னோடு பேசவில்லை. சோறு போடுவாள், தட்டை நகர்த்துவாள், போய்விடுவாள்.

அவர் விழுந்த பன்னிரண்டாம் நாள் வார்டுக்குத் தனியாகப் போனேன். யாரிடமும் மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாததால் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போனேன். மாமனார் கட்டிலில் தலையணையில் சாய்ந்திருந்தார். கதவருகே என்னைப் பார்த்தார். உடனே இடது கையால் கட்டில் கம்பியைப் பிடித்தார். இடது காலைத் தரையில் ஊன்றினார். எழுந்து நிற்கப் பார்த்தார். உடம்பில் பாதி வந்தது, மறு பாதி வரவில்லை. மறுபடி முயன்றார்.

சாத்துக்குடிப் பையைப் போட்டுவிட்டு ஓடிப்போய்த் தோளைப் பிடித்தேன். "உக்காருங்க மாமா!" என்று கத்தினேன். வார்டே திரும்பிப் பார்த்தது.

அவர் உட்கார்ந்தார். ஒன்பதும் பன்னிரண்டும் இருபத்தொரு நாள் தாமதமாக.

வலது கை இன்றுவரை திரும்பவில்லை. கால், கோலோடு வந்தது. பேச்சு மெதுவாக வந்தது. பேச்சு வந்த பிறகு, நடந்ததையெல்லாம் செல்வி அவரிடம் ஒன்று விடாமல் சொல்லியிருக்கிறாள். இடது கையால் வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாராம். பிறகு கேட்டாராம்: "சேவலுக்கு முப்பதா?"

அன்று ஆரம்பித்தது. இப்போது எங்கள் குடும்பத்தில் எதை அளந்தாலும் சேவல் வந்துவிடும். செல்வி எடை பார்க்கும் மெஷினில் ஏறினால், "சேவலுக்கு முப்பது கொறச்சிக்கோ" என்று அத்தை சொல்வார். கணக்கில் நாற்பது வாங்கி வந்த என் மகள், "சேவலுக்கு முப்பது சேத்துக்கோ நைனா" என்று தாளை நீட்டினாள். அவள் பிறப்பதற்கு முன் செத்த சேவல் அது. எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அத்தை சிரித்து முடித்ததும் அடுப்படிக்குள் போய்ச் சிறிது நேரம் வரமாட்டார்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சிங்கவரம் போகிறேன். ஒரு நாற்காலியில் அவர், இன்னொன்றில் நான். பை தரையில். பட்டையை நான்தான் கட்டுகிறேன், இப்போது அவர் பதறுவதில்லை. ஐந்து நிமிடம் யாரும் பேசுவதில்லை. பதினான்கு வருடமாகியும் அந்த ஐந்து நிமிடம் எனக்கு நீளமாகத்தான் இருக்கிறது.

போன வாரம் மெஷின் நின்றதும் கேட்டார்: "எவ்ளோ மாப்ள?"

"நூத்தி நாப்பத்தெட்டு மாமா."

"சேவல் கொறச்சா, கொறைக்காமயா?"

"கொறைக்காம."

"அப்ப செரி," என்று இடது கையை நகர்த்தாமல் அப்படியே வைத்துக்கொண்டார். "இன்னும் ரெண்டு வாட்டி இருக்குது."