நாற்பது நிமிடத்தில் நாடக வரலாறு

மனித குலம் நாடகம் ஆடத் தொடங்கி எத்தனை ஆயிரம் ஆண்டுகள் ஆயின என்பதில் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. அத்தனையையும் நாற்பது நிமிடத்தில் ஆடி முடித்துவிட வேண்டும் என்பதில் எங்கள் பண்பாட்டுத் துறைக்குக் கருத்து வேறுபாடு எதுவும் இல்லை.

துறையின் ஆண்டு விழாவில் "ஆதிகாலம் முதல் நவீன காலம் வரை நாடகம்" என்ற நிகழ்ச்சி. ஆட வேண்டியவர்கள் நாங்கள். நாங்கள் என்றால் முக்கால்வாசி ஒரே குடும்பம். அண்ணன்தான் குழுத்தலைவர், எந்தக் கதையானாலும் அரசர் வேடம் அவருக்கே. என் மனைவி அரசி. நான் அரசருக்குப் பின்னால் ஈட்டி பிடித்து நிற்பவன். வருஷக்கணக்காக நிற்கிறேன், ஒரு வரி வசனம் கிடையாது. ஈட்டிக்கு இருக்கிற மரியாதைகூட எனக்கில்லை. அது விழுந்தால் சத்தமாவது வரும்.

ஊரில் இருக்கிற ஒரே மேடையில்தான் ஆடுகிறோம். அந்த அரங்கு துறைக்குச் சொந்தம். விழாவுக்குப் பொறுப்பான துணை இயக்குநர் ஒத்திகை பார்க்க வந்தவுடனே விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டார்.

"விழா நல்லபடியா நடந்தா அரங்கு உங்ககிட்டயே இருக்கும். இல்லேன்னா உடைஞ்ச மேசை நாற்காலி போடுற கிடங்கா மாத்திடுவோம். ஏற்கெனவே எங்க ஆபீஸ்ல உடைஞ்ச நாற்காலி நிறைய இருக்கு."

அண்ணன் கையைக் கட்டிக்கொண்டார். மேடையில் சிங்கமாக நிற்கிற மனுஷன், அதிகாரியைக் கண்டால் மட்டும் முதுகெலும்பு விடுப்பில் போய்விடும்.

"நீங்க சொல்றபடியே செய்றோம் சார்" என்றார்.

சார் சொல்ல ஆரம்பித்தார். அவருக்கு நாங்கள் 'கத்தரி' என்று பெயர் வைத்தது அன்றைக்குத்தான்.

முதல் காட்சி ஆதிகாலம். நெருப்பைச் சுற்றி வேட்டைக்காரர்கள் ஆடுகிறார்கள். ஒருவன் மானாக நடித்துச் செத்து விழுகிறான்.

"நெருப்பு கூடாது. தீயணைப்புத் துறை அனுமதி வேணும். மஞ்சள் பல்பு வைங்க."

"சரிங்க சார்."

"மான் சாகக் கூடாது. வனத்துறை வருத்தப்படும். கடைசியில எழுந்து வணக்கம் சொல்லட்டும்."

"சரிங்க சார்."

அடுத்தது முகமூடி நாடகக் காலம். கத்தரி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என்ன இது, எல்லாரும் முகத்தை மூடிக்கிட்டு வர்றாங்க? பெரிய அதிகாரிங்க உட்கார்ந்திருக்கிற இடத்துல யார் யாருன்னு எப்படித் தெரியும்?"

"முகமூடி நாடகம் சார். அதுல முகமூடி இல்லேன்னா எப்படி..."

"இருக்கட்டும்யா! யாரு வேண்டாம்னா? அவங்கவங்க முகத்தையே முகமூடியில வரைஞ்சு போட்டுக்கட்டும்."

அப்படியே செய்தோம். என் முகமூடியைப் பார்த்துவிட்டு, "நிஜ முகத்தைவிட இது பரவாயில்லைங்க" என்றாள் என் மனைவி. கட்டினவள் வாயால் இதையும் கேட்க வேண்டியிருந்தது.

அப்புறம் அரசர் காலம். ஆணவத்தால் நாட்டை அழித்த அரசர், கடைசியில் தன் தவறை உணர்ந்து கதறுகிறார். அண்ணன் உயிரைக் கொடுத்து நடிக்கிற இடம். கத்தரி முகம் சுருங்கிப்போனது.

"உயர்பதவியில இருக்கிறவர் தவறு செய்யலாமா? மக்களுக்கு என்ன செய்தி போகும்?"

"அதுதான் சார் கதையே."

"கதை இருக்கட்டும், தவறும் இருக்கட்டும். ஆனா தவறு கீழ்மட்டத்துல நடந்திருக்கணும்." சுற்றிப் பார்த்தார். அவர் விரல் என்னிடம் வந்து நின்றது. "பின்னாடி ஈட்டியோட சும்மாதானே நிக்கிறான்? இவன் செய்யட்டும்."

இப்படித்தான் என் வாழ்க்கையின் முதல் வசனம் எனக்குக் கிடைத்தது: "மன்னா, நாடு அழிந்ததற்கு நானே காரணம்!" வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வீட்டில் பல் தேய்க்கும்போதெல்லாம் நாட்டை அழித்துக்கொண்டிருந்தேன்.

கடைசிக் காட்சி நவீன நாடகம். வெறும் மேடை, நடுவே ஒரு நாற்காலி. யாரும் வர மாட்டார்கள். கொஞ்ச நேரத்தில் விளக்கு அணையும். அண்ணனுக்கே அதற்கு அர்த்தம் தெரியாது. இந்தக் காலத்தில் அப்படித்தான் ஆடுகிறார்கள் என்று யாரோ சொல்லிச் சேர்த்தது. கத்தரி கண்கலங்கிவிட்டார்.

"இதுதான்யா கலை! செலவே இல்லை, வசனமே இல்லை, யாரு மனசும் புண்படாது. மத்தக் காலமெல்லாம் ஏன் இப்படி இல்லாமப்போச்சு?"

விழா நாள் வந்தது. துறை இயக்குநருக்கு மேடையில் உட்கார நாற்காலி போதவில்லை என்று நவீன நாடகத்தையே, அந்த ஒற்றை நாற்காலியை, எடுத்துப் போட்டார்கள். இயக்குநர் உட்கார்ந்தால் இணை இயக்குநர் நிற்க முடியுமா? அவருக்கும் ஒன்று. அவர் உட்கார்ந்தால் மற்றவர்கள்? மேடை முழுக்க அதிகாரிகள் ஆகிவிட்டார்கள். வேட்டைக்காரர்கள் சுற்றி ஆட ஒரு சாண் இடமில்லை.

கீழே பார்த்தால் ஈ காக்கை இல்லை. வாழ்த்துரை, சிறப்புரை, பேருரை என்று போட்டிருந்தால் எவன் வருவான்?

கத்தரி ஓடி வந்தார். "டிவிக்காரங்க வந்துட்டாங்க, அரங்கு காலியா இருக்கு! உங்க ஆளுங்க எல்லாரும் போய்க் கீழே உட்காருங்க. சீக்கிரம்!"

"அப்போ நாடகம்?" என்றாள் என் மனைவி.

"பேச்செல்லாம் முடிஞ்சதும் பார்க்கலாம்மா."

பேச்செல்லாம் முடிகிற ஜாதியா? இயக்குநர் நாடகக் கலையின் பெருமையைப் பேசப் பேச, நாடகக்காரர்கள் நாங்கள் வேடத்தோடு கீழே உட்கார்ந்திருந்தோம். நான் என் முகத்துக்கு மேல் என் முகத்தை மாட்டிக்கொண்டு, என் ஒரு வரியை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். "நேரமின்மை காரணமாக நாடகம் கைவிடப்படுகிறது" என்று அறிவித்துவிட்டு இயக்குநர் பேச்சைத் தொடர்ந்தார்.

என் மனைவிக்குத் தாங்கவில்லை. மாதக்கணக்கில் ராத்திரி பகலாக ஒத்திகை பார்த்தவள். வாய்விட்டு அழுதுவிட்டாள். சும்மா இல்லை, அரசி அழுகிற அழுகை. கேமரா திரும்பியது. இயக்குநர் பேச்சை நிறுத்திவிட்டார்.

போச்சு, அரங்கு கிடங்குதான் என்று அண்ணன் தலையில் கை வைத்தார். ஆனால் இயக்குநர் தழுதழுத்த குரலில் சொன்னார்: "இத்தனை வருஷமா பேசுறேன். என் பேச்சைக் கேட்டு அழுத முதல் ஆள் நீங்கதாம்மா."

மறுவாரமே ஆணை வந்துவிட்டது. அரங்கு எங்களுக்கே. பதிலுக்குத் துறையின் எல்லா விழாவிலும் நாங்கள் பார்வையாளர்களாக நடிக்க வேண்டும். இதைக் கேள்விப்பட்ட மற்றத் துறைகளும் சும்மா இருக்குமா? குடிநீர்த் துறைக்கு விம்மல், வரித்துறைக்கு நன்றிப் பெருக்கு, சாலைத் துறை விழாவில் எழுந்து நின்று ஆரவாரம். ஒரு விமர்சகர், "பார்வையாளரே நாடகமாகும் புரட்சி, இதுவே நாடக வரலாற்றின் உச்சம்" என்று எழுதித் தள்ளிவிட்டார். அவ்வளவுதான்! நாங்கள் மேடையில் ஆடியபோது இலவசமாகக் கூப்பிட்டும் எட்டிப் பார்க்காத ஜனம், நாங்கள் உட்கார்ந்து கைதட்டுவதைப் பார்க்க டிக்கெட் வாங்கி வந்தது. படித்தவர்கள் பின்வரிசையில் தாடையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

கூட்டம் பெருகியது, இடம் பற்றவில்லை. கத்தரி வந்தார்.

"இப்போ எல்லாமே கீழேதான் நடக்குது. மேடை எதுக்கு? இடிச்சுட்டா நூறு நாற்காலி போடலாம்."

அண்ணன் வாயைத் திறந்தார். நானும் ஏதோ சொல்லப்போகிறார் என்று பார்த்தேன்.

"சரிங்க சார்" என்றார்.

மேடை அகற்று விழா. இயக்குநர் மேடையில் ரிப்பன் கட்டிய கடப்பாரையோடு நின்று, "கலைஞனுக்கும் மக்களுக்கும் நடுவே நின்ற தடையை இன்று உடைக்கிறோம்" என்று முழங்கினார். கத்தரி கைக்குட்டையைத் தூக்கினார். அழுவதற்கு அதுதான் அடையாளம்.

என் மனைவி அழவில்லை. எழுந்து விறுவிறுவென்று மேடையேறிப் போய் இயக்குநர் முன்னால் நின்றாள்.

"கீழே இறங்குங்க! இது நாங்க நின்னு பேசுற இடம். அன்னிக்கு நான் உங்க பேச்சைக் கேட்டா அழுதேன்? எங்களைப் பேச விடலையேன்னு அழுதேன். இந்தப் பலகையையும் பிடுங்கிட்டா நாங்க எங்கே போய் நிப்போம்?"

பின்வரிசையில் ஒருவர் கைதட்டினார். உடனே மொத்த ஜனமும் எழுந்து நின்று தட்டியது. இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கைதட்ட வசதியாகக் கடப்பாரையைக் கத்தரியிடம் கொடுத்தார்.

"ஐயோ, இது நடிப்பில்லை! நிஜமாத்தான் சொல்றேன்!" என்று கத்தினாள்.

கைதட்டல் இரண்டு மடங்கானது. கூட்டத்தில் என் முகத்தைத் தேடிப் பிடித்து, நீயாவது சொல்லேன் என்பதுபோல் பார்த்தாள்.

நானும் எழுந்து நின்று தட்டிக்கொண்டுதான் இருந்தேன். நல்லாத்தானே செஞ்சா!